தவிட்டுக்குப் போன குப்பம்மா

1

"பிள்ளை யாருதும்மா?"

"தோ, அவங்களுது."

"அப்போ நீங்க யாரு?"

"நான் பெத்தவ."

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். திருவொற்றியூரில் குழந்தை மருத்துவராக இருக்கும் என் கல்லூரிச் சிநேகிதி, ஒரு மத்தியானம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னாள். அவளுக்கு அவளுடைய பேராசிரியர் சொன்னாராம். அவருக்கு அவருடைய பேராசிரியர். டாக்டர்கள் டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்பதற்கென்று சில துணுக்குகள் கைமாறிக்கொண்டே வருமாம்; அதில் இது ஒன்று.

"எப்போ நடந்தது?"

"ஐம்பத்தொண்ணோ ரெண்டோ. ராயபுரத்துல ஏதோ ஒரு தர்மாஸ்பத்திரி."

"பிள்ளைக்கு என்ன?"

"பேசாத பிள்ளையாம். இப்ப வந்திருந்தா ஆட்டிசம்னு சொல்லியிருப்போம்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான். நீ சிரிக்கணும்."

சிரித்தேன். ஆனால் ரயிலில் வீடு திரும்பும்போது, வண்ணாரப்பேட்டை வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. பெற்றவள் எதற்காகத் தன் பிள்ளையை இன்னொருத்தியுடையது என்று சொன்னாள்? அதுவும் டாக்டரிடம்? விளையாட்டுக்கா? கோபத்திலா? ஊருக்கே தெரிந்த ஏதோ ஒன்று டாக்டருக்கு மட்டும் தெரியாமல் போயிற்றா?

ஆகவே சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு வரிகள் நான் கேட்டவை. மற்றதெல்லாம் நானே கட்டியது. நான் குடும்ப நாவல் எழுதுகிறவள். என் கதைகளில் முதல் அத்தியாயத்தில் கதாநாயகி யார் மேலாவது மோதுவாள். கடைசி அத்தியாயத்தில் அவனையே கல்யாணம் செய்துகொள்வாள். இந்தக் கதையில் மோதிக்கொள்வதற்கு ஒரு வாலிபனும் இல்லை. எப்படிச் சமாளிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கூட வாருங்கள்.

2

முதல் தொடக்கம்:

"அதிகாலைக் கதிரவன் காசிமேட்டுக் கடல் மீது தன் பொற்கரங்களை நீட்டியபோது, டாக்டர் செல்லக்கனி தன் வெண்ணிறச் சேலையின் தலைப்பைச் சரிசெய்தபடி—"

(நிறுத்துகிறேன். டாக்டரம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தால் அடுத்த வரியில் ஓர் ஆண்பிள்ளை வந்து நின்றாக வேண்டும். பழக்கதோஷம். அவளுக்கு அன்று ஐம்பது நோயாளிகள்; தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலை பார்க்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், பிறருடன் ஒட்டாமல் தம் உலகத்திலேயே இருக்கும் சில குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் ஒரு மருத்துவர் ஆராய்ந்து—"

(உண்மைதான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் என் வாசகி, பால் பொங்குகிறதா என்று பார்க்க எழுந்து போவாள். பிறகு வரமாட்டாள்.)

மூன்றாம் தொடக்கம்:

"தாயம்மா தன் மகளை இடுப்பில்—"

(இங்கேதான் பேனா நின்றுவிட்டது. 'தன் மகள்.' இந்த இரண்டு சொல்லைத் தாயம்மா வாயால் சொல்லமாட்டாள். அவள் சொல்லாததை அவளுக்காக நான் எப்படி எழுதுவது? ஏன் சொல்லமாட்டாள் என்பதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.)

3

தாயம்மா, காசிமேட்டில் கட்டுமரம் போடும் சின்னப்பையனின் மனைவி. அவர்களுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் நடக்கப் பழகுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது, குப்பத்துப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிள்ளையை விற்றுவிட வேண்டியது.

பதறாதீர்கள். இது பல ஊர்களிலும் இருந்த வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் புதிதாகப் பிறந்ததைக் குப்பை மேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுப்பார்கள். குப்பம்மா என்று பெயர் வைப்பார்கள். அப்புறம் வேறொருத்தியிடம் தவிட்டுக்கு விற்பார்கள். பிள்ளை என்னவோ பெற்றவளிடம்தான் பால் குடிக்கும், அவள் பக்கத்தில்தான் தூங்கும். ஆனால் பேச்சில் அது வாங்கினவளுடையது. முதல் இரண்டையும் கொண்டுபோனது எதுவோ, அது மறுபடி வந்து "இது தாயம்மா பிள்ளையா?" என்று விசாரித்தால், "இல்லையே!" என்று ஊரே சொல்லும். அது ஏமாந்து திரும்பிப் போகும். பிள்ளைக்குக் காது குத்துகிற வயதில், வாங்கினவளிடம் கேட்டு மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

வாங்க வந்தவள் பக்கத்து வீட்டு அடைக்கலமேரி. ஆப்பக்கடைக்காரி. பிள்ளை இல்லாதவள்.

"ஊர்ல இவ்ளோ பேரு கீறாங்க, நான் எதுக்குமே?" என்று கேட்டாள் மேரி.

"உன் சாமி வேற, எங்க சாமி வேற. எங்கள்த தேடிகினு வர்றது உங்க வூட்டாண்ட வராதுக்கா," என்றாள் தாயம்மா.

"எங்க மாதா பாத்துகினு சும்மா இருக்குமா?"

"அதுவும் புள்ள பெத்த அம்மாதானே. கண்டுக்காது."

மேரி யோசித்தாள். பிறகு தன் கோழிக்கு வைத்திருந்த தவிட்டை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து தாயம்மாவின் முந்தானையில் கொட்டினாள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள், வெளியே வந்தாள். "எம் புள்ளய கொஞ்சம் பாத்துக்கோ, எனக்கு வேல கீது," என்று தாயம்மாவிடமே கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மேரியின் கோழி மட்டும் அன்று பட்டினி.

காது குத்துகிற வயது வந்தது, போனது. தாயம்மா திரும்பக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வருஷமும் மேரியின் கடைக்குப் போய் நிற்பாள்.

"அக்கா..."

"இன்னாமே?"

"ஒண்ணுமில்ல. ஆப்பம் ரெண்டு குடு."

கேட்டுவிட்டால் பிள்ளை தன்னுடையது ஆகிவிடும். தன்னுடையது என்றால், தேடி வருகிற அந்த 'அது'வுக்குத் தெரிந்துவிடும். தாயம்மா ஆப்பத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

4

1952 என்று வைத்துக்கொள்வோம். ராயபுரத்துக்கு அப்போது டிராம் ஓடிக்கொண்டிருந்தது. குப்பம்மாவுக்கு ஏழு வயது.

குப்பம்மா பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டாள். வலையில் கட்டுகிற மிதப்புக் கட்டைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக மணலில் அடுக்குவாள். ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் அவள் போடுகிற கூச்சல் துறைமுகத்துக்கே கேட்கும். சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் உதறிக்கொண்டு நுனிக்காலில் குதிப்பாள். சாப்பாடு மேரியின் ஆப்பம் மட்டும்; அதிலும் நடுவில் இருக்கிற மெத்தென்ற வெள்ளை மட்டும். மொறுமொறு ஓரமெல்லாம் மேரிக்கு.

"உம் புள்ளயால நான் பீப்பா ஆயிட்டேன்," என்பாள் மேரி.

"எம் புள்ள இல்லக்கா, உம் புள்ள!" என்பாள் தாயம்மா, சட்டென்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு. மேரி நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

(என் சிநேகிதி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைங்களும் இப்படியே இருக்கமாட்டாங்க. சிலது ஓயாமப் பேசும். எழுதிடு," என்றாள். எழுதிவிட்டேன்.)

அந்த வருஷம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் புதுச் சங்கு வைத்தார்கள். பழைய சங்கு முனகும். புதுச் சங்கு அலறியது. அது ஊதும்போதெல்லாம் குப்பம்மா தன் மணிக்கட்டைத் தானே கடித்தாள். புண் ஆறுவதற்குள் அடுத்த சங்கு. தூக்கம் போயிற்று. ஆப்பத்தின் வெள்ளையும் வேண்டாம் என்றாள். புண் சீழ் பிடித்த அன்று தாயம்மா அவளைத் தர்மாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மேரியும் கடையை மூடிவிட்டு வந்தாள். சொந்தக்காரி இல்லாமல் எப்படி?

அங்கே கம்பவுண்டர் பக்ருதீன், ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்புவதற்கு ஒரு பித்தளை மணியை ஆட்டுவார். அவர் ஆட்டியதும் குப்பம்மா வீறிட்டுக்கொண்டு டாக்டரின் மேசைக்கடியில் புகுந்துவிட்டாள்.

"அரே! மணி அட்ச்சதுக்கே இப்டீன்னா, நாளைக்கி கண்ணாலத்துல மேளம் அட்ச்சா இன்னா பண்ணும் இது?"

"நீ மொதல்ல மணிய கீழ வை பாய். கண்ணாலத்த அப்பால பேசிக்கலாம்," என்றாள் மேரி.

டாக்டர் செல்லக்கனி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி; சின்ன வயதிலிருந்தே விடுதிகளில் தங்கிப் படித்ததால் ஊர் வழக்கங்கள் அதிகம் தெரியாதவள். அவள் என்ன செய்தாள் என்றால், புண்ணுக்கு மருந்து போட்டதோடு அனுப்பிவிடவில்லை. சேலையைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கடியில் தானும் போய் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எப்பக் கடிக்கா? சொல்லுங்க," என்று மேசைக்கடியிலிருந்தே கேட்டாள்.

தாயம்மா பதில் சொல்வதற்குள் தூரத்தில் சங்கு ஊதியது. பிள்ளையின் பல் மணிக்கட்டுக்குப் போவதை டாக்டர் கண்ணாலேயே பார்த்தாள். "பாய், பஞ்சு கொண்டாங்க. கொஞ்சம் தேங்காய் எண்ணெயும்," என்றாள். எண்ணெயில் தோய்த்துப் பிழிந்த பஞ்சைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டு, தன் காதில் ஒன்றை வைத்துக் காட்டினாள். குப்பம்மா வெகு நேரம் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே வைத்துக்கொண்டாள்.

சங்கு நேரத்தில் அப்படியே செய்யச் சொன்னாள் டாக்டர். புண் ஆறத் தொடங்கியது. தூக்கம் வந்தது. பக்ருதீனின் மணி அலமாரிக்குப் போயிற்று. அவர் கையை அசைத்து நோயாளிகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் கையசைப்பைப் பார்த்து, போகச் சொல்கிறார் என்று நினைத்துப் பாதிப் பேர் எழுந்து போனார்கள். "பேஜாரு தொழிலா போச்சு," என்று புலம்பிக்கொண்டே அவர் தெருவில் ஓடி அவர்களைப் பிடித்துக்கொண்டு வருவார்.

5

இங்கேயே கதையை முடித்துவிடலாம். நல்ல டாக்டர், ஆறின புண், அலமாரியில் மணி. ஆனால் நான் கேட்ட நான்கு வரிகள் இன்னும் வரவில்லையே.

டாக்டருக்கு இந்தப் பிள்ளை மேல் ஆசை வந்துவிட்டது. புண்ணுக்கு அப்பால் இந்தச் சின்ன மனத்துக்கு என்ன வேண்டும் என்று தேட ஆரம்பித்தாள். வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகைகளைத் தன் கைக்காசில் வரவழைத்துப் படித்தாள். ஒன்றில், குப்பம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியதைப் போலவே இருந்தது. அதே ஒட்டாமை, அதே அடுக்கல். டாக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தது: இப்படிப்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள் பாசம் காட்டாதவர்கள், அந்தக் குளிர்ச்சியில்தான் பிள்ளை தனக்குள் சுருங்கிப்போகிறது.

அதைப் படித்த கண்ணோடு டாக்டர் தாயம்மாவைக் கவனித்தாள். தாயம்மா பிள்ளையை நாலு பேர் முன்னால் முத்தமிடுவதில்லை. கொஞ்சுவதில்லை. "ஏ கழுத", "ஏ கரிச்சட்டி" என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரு நாள் டாக்டர் வேண்டுமென்றே, "எவ்வளவு அழகாப் பிள்ளை!" என்றாள்.

தாயம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐய, இதுவா? மூக்கப் பாரு டாக்டரம்மா, அட்ச்சி வச்ச மாதிரி. சொம்மா இருங்க நீங்க," என்று வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தாள்.

டாக்டரின் முகம் வாடியது. அப்போதுதான் கேட்டாள்:

"பிள்ளை யாருதும்மா?"

"தோ, அவங்களுது."

"அப்போ நீங்க யாரு?"

"நான் பெத்தவ."

"பெத்துட்டு இவங்ககிட்டக் குடுத்துட்டீங்களா?"

"வித்துட்டேன்," என்றாள் தாயம்மா.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் சொல்லிச் சிரித்தவர்கள் எல்லாம் அந்த அறையில் இல்லாதவர்கள்.

6

(என் சிநேகிதி இங்கே குறுக்கிட்டாள். "கம்பவுண்டர் உள்ளூர்க்காரர்தானே? 'தவிட்டுக்கு வித்த கதைம்மா இது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. பக்ருதீனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 'சும்மா பேச்சுக்கு விற்றது' என்று யாராவது வாய்விட்டுச் சொன்ன நிமிஷமே அந்த விற்பனை செல்லாது. தேடி வருகிற 'அது'வுக்குக் காது உண்டு. ஒரு பிள்ளையின் உயிர் விஷயம். ஆகவே பக்ருதீன் வாயை மூடிக்கொண்டு புட்டிகளைத் துடைத்தார். மேரியும் மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று காசிமேட்டில் கேட்டால் சொல்வார்கள்.)

டாக்டர் செல்லக்கனியை வில்லியாக்கிப் பார்த்தேன். மெல்லிய உதடு கொடுத்தேன். தங்க ஃப்ரேம் கண்ணாடி கொடுத்தேன். இரண்டும் அவளுக்கு ஒட்டவில்லை. மேசைக்கடியில் புழுதியில் உட்கார்ந்தவளை எப்படி வில்லியாக்குவது? அவள் தப்பாகப் புரிந்துகொண்டாள், அக்கறையினால். அந்த நாளில் பெரிய பெரிய படிப்பாளிகளும் தாயைத்தான் குற்றம் சொன்னார்கள். தாய் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தாள் என்றார்கள். பிற்பாடு அது தப்பு என்று அந்தக் கருத்தைக் கைவிட்டார்கள். ஆனால் அதற்குள் எத்தனையோ அம்மாக்கள் தங்களையே நொந்துகொண்டு கிடந்தார்கள்.

ராயபுரத்துச் சித்திரை வெயிலில், அதுவும் தாயம்மா, ஐஸ் பெட்டி! எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பிள்ளை கையை உதறிக் குதித்தால், கதவைச் சாத்திவிட்டு, யாருக்கும் தெரியாமல் தானும் கூட உதறிக் குதிக்கிறவள் அவள்.

இன்றைக்கு என் சிநேகிதியின் கிளினிக்கில், காய்ச்சலுக்கும் சளிக்கும் வருகிற போதே அவள் விசாரித்துவிடுகிறாள். பிள்ளை தூங்குகிறதா? எதற்காவது பயப்படுகிறதா? திடீரென்று எது மாறியது? அப்புறம் தாயைப் பார்த்து, "நீங்க தூங்கறீங்களா?" வேறெங்கும் அனுப்புவதைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேச்சு. செல்லக்கனி முதல் மூன்றையும் கேட்டாள். நாலாவதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "எங்கங்க தூக்கம்? எது வந்து கதவத் தட்டுமோன்னு முழிச்சிகினு கீறேன்," என்று தாயம்மா சொல்லியிருப்பாளோ என்னவோ.

டாக்டர் முடிவெடுத்தாள். தாம்பரத்துக்கு அப்பால் அவளுடைய தோழி ஒருத்தி பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்துகிறாள். மரமும் கிணறும் உள்ள இடம், சங்கு கிடையாது. குப்பம்மா அங்கே ஆறு மாதம் இருக்கட்டும். அதுவரை தாய் பார்க்கக் கூடாது. தாயிடமிருந்து விலகினால்தான் பிள்ளை மலரும் என்று பத்திரிகை சொல்கிறது.

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. வண்டிக்குச் சொல்லுதேன்," என்றாள்.

7

சின்னப்பையன் கரையேறி, கட்டுமரத்தின் கயிறுகளை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போட்டுக்கொண்டிருந்தான். பெரிதும் சிறிதுமாக அவை வரிசையாகக் கிடந்தது குப்பம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று, நுனிக்காலில் குதித்துக்கொண்டிருந்தாள். தாயம்மா கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"ஆறு மாசமாம்யா. அதுவரிக்கும் நான் கண்ல படக் கூடாதாம்."

"நானு?"

"நீயுந்தான்."

"நான் இன்னாமே பண்ணேன்?"

"நான் மட்டும் இன்னாய்யா பண்ணேன்?"

அவன் ஒரு மரத்தைப் புரட்டிப் போட்டான்.

"மேரியக்காவாண்ட கேட்டு வாங்கிடுமே. நம்மள்துன்னு ஆச்சுன்னா அப்பால யாரு அனுப்ப முடியும்?"

"நீ கேளேன்."

"வித்தவ நீ. நான் கேட்டா செல்லுமா?"

"கேட்டா அது காதுல வுழுந்துடும்யா."

எது என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கும்தான் இரண்டு பிள்ளைகள் போயின. ஈரக் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி எடுத்தான். "எனக்கும் பயம்தான்," என்றான் கடைசியில். "கடலுக்குப் போறப்போ மட்டும் பயம் இல்லாமயா போறேன்? மடில கட்டிகினுதான் போறேன்."

"மடில பயம் மட்டுமா கீது? பீடியும்தான் கீது. இருமி இருமி சாவு," என்றாள் தாயம்மா. சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தை மீன் நாற்றமடிக்கும் புறங்கையால் துடைத்துவிட்டான்.

(வழக்கமாக இந்த இடத்தில் நான் மழை பெய்ய வைப்பேன். என் பதிப்பாளர்கூடக் கேட்டார். சித்திரையில் மழைக்கு எங்கே போவது? புறங்கை போதும்.)

8

வெள்ளிக்கிழமைக்கு நான் மூன்று முடிவு எழுதினேன்.

முதல் முடிவில், பக்ருதீன் பொறுக்கமாட்டாமல் டாக்டரைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். எல்லோரும் ஆப்பம் சாப்பிடுகிறார்கள். சுகமான முடிவு. ஆனால் தாயம்மாவின் பயத்தைப் பக்ருதீன் எப்படித் தீர்ப்பார்? கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில், குப்பம்மா இல்லத்துக்குப் போகிறாள். ஆறு மாதம் கழித்து வந்து, "அம்மா" என்கிறாள். எழுதும்போது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. மறுநாள் காலையில் படித்தபோது வெட்கமாக இருந்தது. என் வசதிக்காகக் குப்பம்மா பேச வேண்டுமா? அவள் பேசாவிட்டால் கதை கதை இல்லையா? அதையும் கிழித்தேன்.

மூன்றாவதில், தாயம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எண்ணூருக்கு ஓடிப்போகிறாள். டிராம் அவ்வளவு தூரம் போகாது. தவிர, மேரி இல்லாமல் ஆப்பத்துக்கு என்ன செய்வாள்?

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதாவது, நடந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதை.

9

ரயிலடிக்குப் போக வாசலில் ஜட்கா வண்டி நின்றது. அறைக்குள் மேசைக்கு இந்தப் பக்கம் தாயம்மாவும் மேரியும். அந்தப் பக்கம் டாக்டர். மேசைக்கடியில் குப்பம்மா, பக்ருதீன் கொடுத்த மருந்துப் புட்டித் தக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்ருதீன் கதவருகில் நின்று, துடைத்த புட்டியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"பிள்ளைக்கு உரிமைப்பட்டவங்க சம்மதம் வேணும்," என்றாள் டாக்டர். குரல் மிருதுவாகத்தான் இருந்தது. "யார்கிட்டக் கேக்க?"

தாயம்மா தரையைப் பார்த்தாள். டாக்டர் மேரியின் பக்கம் திரும்பினாள்.

மேரி தாயம்மாவைப் பார்த்தாள். சொல்லுமே, ஏதாவது சொல்லுமே என்று கேட்கிற பார்வை. தாயம்மா நிமிரவில்லை. மேரி யோசித்துப் பார்த்தாள். இந்த டாக்டரம்மாதான் பிள்ளையின் புண்ணை ஆற்றினாள். தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். சங்கு இல்லாத இடம் என்கிறாள். நல்லதற்குத்தானே சொல்வாள்? விலைக்கு வாங்கினவள் பிள்ளையின் நல்லதைப் பார்க்க வேண்டாமா?

"அங்க ஆப்பம் சுடுவாங்களா?" என்று கேட்டாள் மேரி.

"சொல்லி ஏற்பாடு பண்ணலாம்."

"ஓரத்த பிச்சிட்டுக் குடுக்கணும். நடு மட்டுந்தான் துன்னும்."

"சொல்லுதேன்."

மேரி மூக்கை முந்தானையில் சிந்தினாள். "அப்போ இட்டுகினு போங்க டாக்டரம்மா. நான் ஒத்துக்கறேன்."

பக்ருதீனின் கையிலிருந்து புட்டி நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. சத்தத்தில் குப்பம்மா மேசைக்கடியிலிருந்து வெளியே பாய்ந்தாள். மூன்று பெண்கள் நின்றார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தாயம்மாவின் சேலைக் கொசுவத்துக்குள் தலையைப் புதைத்து, முட்டி, அப்படியே நின்றுவிட்டாள். டாக்டர் இமைக்காமல் அதைப் பார்த்தாள்.

தாயம்மாவின் கை, பல நாள் பழக்கத்தில், நாலு பேர் முன்னால் தொடாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது. பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

இனி நான் எழுதப்போவது ஒரே ஒரு வரி. அது தாயம்மாவுடையது. அதைக் கேட்டு மேரி என்ன சொன்னாள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். அவள் சிரித்திருக்கலாம். உடனே "எடுத்துக்கோமே" என்றிருக்கலாம். இத்தனை வருஷம் பேச்சிலாவது ஒரு பிள்ளைக்குத் தாயாக இருந்தவள். திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுபடி வெறும் ஆப்பக்கடைக்காரி. கொஞ்சம் தயங்கியிருந்தால் அவளைக் கோபிக்காதீர்கள். டாக்டர் வண்டியை அனுப்பிவிட்டாளா, "விக்கதும் வாங்குததும் என்னம்மா இது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாளா, அதுவும் உங்கள் கையில். அந்த 'அது'வின் காதில் விழுந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். தாயம்மாவுக்கும் தெரியாது. தெரியாமலேதான் நிமிர்ந்தாள். குரலை அடக்கவில்லை. கேட்கிறது எதுவானாலும் நன்றாகவே கேட்டுக்கொள்ளட்டும் என்று, தெருவில் நின்ற வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள்:

"மேரியக்கா, எம் பொண்ண எனக்குக் குட்துடு."